கூழ், களி, வெங்களி

(சங்கரன்கோயிலில் நடந்த திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1902-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 7-ஆம் நாள் பிறந்த ஊர் இது. இவ்வூர் மேடையில் நின்று ஒரு சொல்லைப் பிழையாக வழங்கிவிடுவேனோ என்னும் அச்சத்தோடுதான் வந்திருக்கிறேன். தோழர்கள் என்னை அழைக்க வந்தபோது, "மொழியைப் பற்றிப் பேசியோர் பலர் வந்து போயினர்; நீங்கள் முப்பதாண்டுகள் வேதியல் கற்பித்தவர்; எங்களுக்கு வேதியலையே பேசுங்கள்" என்றனர். என்ன வேதியல் என்று கேட்டேன். "இன்றைய வேதியல்" என்றனர். பள்ளிப்பாடத்தைத் திருப்பிச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஆகலின், உலக ஆய்வகங்கள் பலவற்றில் இன்று நடைபெறும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். மாழைகளின் உயிரகைகளை, அதாவது பள்ளி நூல்களில் ஆக்சைடு என்று நீங்கள் படித்தவற்றை, நீரிலே பிறப்பித்து, உறையவைத்து, உலர்த்தி, சுட்டு, மிக நுண்ணிய மணிகளாலான வன்பொருள் ஆக்குதலே அவ்வேலை. ஆங்கிலர் அதனைச் 'சோல்-செல்' முறை என்பர்.

இப்பெயரால் ஒரு மாணவன் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரையும் பள்ளியையும் சொல்லமாட்டேன். என்னிடம் படித்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை அவன். கைத்திறன் மிக்கவன். அன்று எங்கள் கையிலிருந்த குறிப்பேட்டில் 'சோல்' என்பதைச் 'சால்' என்று எழுத்துப் பெயர்த்திருந்தனர். சால் என்றால் தமிழில் என்ன? ஏர் உழுத கோடு சால். நீர் இறைக்கும் ஏனமும் சால். தேர்வில் "சால் என்பது யாது?" என்று வினா வந்தது. பையன் உழவுச்சால் பற்றி நான்கு வரி எழுதிவைத்தான். சுழி கிடைத்தது. வாய்மொழித் தேர்வில் "செல் என்றால் என்ன?" என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். "கஞ்சி ஆறினால் கட்டிப்போகுமே, அது ஐயா" என்றான். அதற்கும் மதிப்பெண் இல்லை. ஆனால் அவன் சொன்னது முற்றும் சரி! வேதியல் தனக்கு வராது என்று எண்ணி அவன் விசைத்தறிக்குப் போய்விட்டான். அன்று அத்தேர்வாளரிடம் ஒரு சொல் பேசாமல் நின்றேன் என்பது எனக்கு இன்றும் உறுத்தல். இவ்வுரையை அவனுக்குக் கடன்பட்டவனாகவே ஆற்றுகிறேன்.

இதோ, என் கையிலுள்ள குப்பியைப் பாருங்கள். மணலையும் சோடாக் காரத்தையும் உருக்கிச் சேர்த்து, நீரில் கரைத்த 'நீர்க்கண்ணாடி' என்னும் நீர்மத்தை நீரூற்றி இளக்கினேன். அதில் சமையற் காடியைச் சிறிது சிறிதாகக் கலந்தேன். முதலில் தெளிநீர்போல் இருந்தது. பிறகு ஒளிக்கற்றையை உள்ளே விட்டால் கற்றையின் வழி தெரியும்படி சற்றே மங்கியது. அதன்பின் குப்பியைக் கவிழ்த்தால் விழாத நிலைக்கு வந்தது. கவிழ்க்கிறேன், பாருங்கள். விழவில்லை. உள்ளே இருப்பதில் பெரும்பங்கு நீர்தான். ஆயினும் அது ஓடவில்லை. நீருக்குள் ஒரு வலை பின்னப்பட்டு, அவ்வலை நீரைப் பிடித்து நிற்கிறது.

முதல் நிலைக்குக் கூழ்நீர் என்று பெயர் வைப்போம். கண்ணுக்குத் தெரியாத திண்மத்துகள்கள் நீரில் படியாமல் மிதக்கும் நிலை அது. துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்து உறைந்த நிலைக்குக் களி என்று பெயர். உளுந்தங்களி கிண்டும் நம் தாய்மார்க்கு இச்சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. களி என்பதற்கே களிமண் என்னும் பொருளும் உண்டு. அக்களியை உலர்த்திச் சுட்டால் வருவது வெங்களி, வெந்த களி. பீங்கான், சுடுமண் முதலிய எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக இச்சொல்லைத் தமிழறிஞர் சிலர் வழங்கி வருகின்றனர். கூழ், களி, வெங்களி: இம்மூன்று சொற்களில் முழு முறையும் அடங்கிவிட்டது. 'சோல்-செல்-செராமிக்கு' என்பதைக் கேட்ட நெசவாளிக்கு ஒன்றும் விளங்காது. 'கூழ்-களி-வெங்களி' என்றால் பாதி பாடம் முடிந்துவிடுகிறது.

கூழும் களியும் அடுக்களைச் சொற்கள் அல்லவா, அறிவியலுக்குத் தகுமா என்று சிலர் முகஞ்சுளிப்பர். தாமசு கிரகாம் என்னும் வேதியலர் 1861-இல் இத்துறைக்குப் பெயரிட்டபோது என்ன செய்தார்? கிரேக்க மொழியில் பசைக்கு என்ன பெயரோ அதனை எடுத்துக்கொண்டார். 'பசைபோன்றது' என்பதே அவர் வைத்த பெயரின் பொருள். 'செல்' என்பதும் அவர்கள் தட்டில் துள்ளும் இனிப்புக் களியின் உறவுச்சொல்தான். அவர்கள் தம் அடுக்களையிலிருந்தும் தச்சன் பட்டறையிலிருந்தும் சொல்லெடுத்தனர். நாம் மட்டும் நாணுவானேன்?

இனி, முறைக்குள் வருவோம்.

வன்பொருள் வெங்களி செய்யும் பழைய வழி, பொடிகளை அரைத்துக் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் இடுவது. எவ்வளவு அரைத்தாலும் ஒரு துகளுக்குள் கோடிக்கணக்கான அணுக்கள் இருக்கும். இரண்டு பொடிகளைக் கலந்தால், ஒரு பொடியின் அணு மற்றொன்றின் அணுவைச் சென்று சேரத் துகள் முழுவதையும் கடக்கவேண்டும். ஆகவேதான் 1600 பாகை செல்சியசு வரை சூடும், பல மணிநேரமும் வேண்டியிருந்தன. கூழ்-களி முறையில் அரைக்கும் வேலை இல்லை. சிறிதிலிருந்து வளர்த்தெடுப்பதே வேலை. இரண்டு மாழைகளும் ஒரே கரைசலில் அணுவும் அணுவுமாக முன்னமே கலந்து கிடக்கின்றன. அக்கலப்பு கலையுமுன் களியாக உறையவைத்துவிடுகிறோம்.

எப்படி உறைகிறது? நெசவாளர்க்கு இதைச் சொல்வது எளிது. மாழையணு ஒன்றின் கைகளில் சாராயத்தின் கூறு ஒட்டியிருக்கும் சேர்மங்கள் உள்ளன. அதனோடு நீர் சேர்ந்தால் சாராயக் கூறு கழன்று, அவ்விடத்தில் நீரின் கூறு வந்து உட்காரும். அப்படி நீர்க்கூறு ஏந்திய இரு கைகள் சந்தித்தால், ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, இரு மாழையணுக்களுக்கும் நடுவே ஓர் உயிர்வளி அணு பாலமாக நிற்கும். இம்முடிச்சுத்தான் உயிரகையின் முடிச்சு. முடிச்சுமேல் முடிச்சாகப் பாவும் ஊடையும் நாற்புறமும் ஓடினால் வலை. வலை ஏனம் முழுதும் நிறைந்தால் களி. காடி மிகுந்த கரைசலில் நீண்ட இழைகளாகவும், காரம் மிகுந்ததில் உருண்டை மணிகளாகவும் வளர்வது பொதுவான போக்கு. நீரை ஒரேயடியாக ஊற்றினால் கட்டிகட்டியாகத் திரிந்துபோகும். கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டியவர் களி கிண்டிய கணக்குத்தான்.

பிரெஞ்சு வேதியலர் எபல்மென் 1846-இல் இதன் முதற் காட்சியைக் கண்டார். மணற்சத்தும் சாராயமும் சேர்ந்த நீர்மம் ஒன்றை ஈரக்காற்றில் விட்டுவைத்தார். பல திங்கள் கழித்து அது கண்ணாடிபோல் தெளிந்த திண்மமாகி இருந்தது. சூளையில்லாமல் கண்ணாடி! ஆனால் நூறாண்டுக்காலம் அதனைப் பெரிதாகக் கருதியவர் சிலரே. வெங்களிப் பொடி செய்ய இவ்வழியைப் பயன்படுத்தலாம் என்று 1950-களில் தொடர்ந்து செய்துகாட்டியவர்களில் முதன்மையானவர் இரசுட்டம் இராய். இவர் இந்தியாவின் இராஞ்சியில் 1924-இல் பிறந்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 2010-இல் மறைந்தவர். 1975-இல் யோல்தாசு என்பார் அலுமினிய உயிரகையை இவ்வழியில் உடையாத தெளிந்த கட்டிகளாக உறையவைத்துக் காட்டினார்.

மணியின் நுண்மைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறு செய்தால் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். நாம் பேசும் படிக மணிகள் பத்து, இருபது நானோமீட்டர் அளவினவாகலின் இவற்றை மீநுண்படிகம் என்போம். சிர்க்கோனிய உயிரகையில் பத்து நானோமீட்டர் மணிகளால் ஆன பொடி ஒரு கிராம் எடுத்து, எல்லா மணிகளின் மேற்பரப்பையும் கூட்டினால் 100 சதுர மீட்டர் வரும். ஐந்தரை மீட்டர் நீளமும் ஒன்றேகால் மீட்டர் அகலமும் கொண்ட நம் சேலை பதினான்கு விரித்த பரப்பு அது, ஒரு சிட்டிகைப் பொடியில்! மருந்துப் பெட்டிகளில் "உண்ணாதீர்" என்று எழுதிய சிறு பை போடுகிறார்களே, அதிலுள்ள மணிகள் உலர்ந்த மணற்சத்துக் களிதான். அவற்றில் ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 700 சதுர மீட்டர், நூறு சேலை. ஈரத்தை அது குடிப்பது இப்பரப்பினால்தான்.

பரப்பு மிகுந்தால் வேறொன்றும் நிகழ்கிறது. பத்து நானோமீட்டர் மணியில் அரை நானோமீட்டர் தடிமனுள்ள தோலை மட்டும் கணக்கிட்டால், அதுவே மணியின் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிடும். தோலிலுள்ள அணு உள்ளிருக்கும் அணுப்போல் நாற்புறமும் கட்டுண்டது அன்று. அது இடம்பெயரத் துடிக்கும். ஆகவே நுண்மணிகள் குறைந்த சூட்டிலேயே ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. சூளையின் சூடு பல நூறு பாகை குறைகிறது.

எல்லாம் இனிதாக நடந்துவிடும் என்று எண்ணவேண்டா. இம்முறையின் பெருந்தொல்லை உலர்த்துவதில் இருக்கிறது. இதோ இந்தத் தீப்பெட்டியைப் பாருங்கள். பதினைந்து நாளுக்கு முன் இதே களியில் ஒரு வில்லை செய்து நிழலில் காயவைத்தேன். இன்று அது இருபது துண்டு. கோடையில் குளம் வற்றியபின் கரம்பை பாளம் பாளமாக வெடிக்கிறதே, அதே வெடிப்பு. களியின் துளைகள் நானோமீட்டர் அளவின. அவற்றுக்குள் நீர் பின்வாங்கும்போது அதன் பரப்பு இழுவிசை துளைச்சுவரைப் பேராற்றலோடு உள்நோக்கி இழுக்கிறது. வலை நொறுங்குகிறது. 1931-இல் கிசுட்டிலர் என்னும் அமெரிக்கர் ஒரு சூழ்ச்சி செய்தார். அடைத்த ஏனத்தில் மிகுந்த அழுத்தமும் சூடும் கொடுத்து, நீர்மம் வேறு வளி வேறு என்னும் பிரிவே இல்லாத நிலைக்குக் கொண்டுபோய், அங்கே மெல்ல வடித்துவிட்டார். இழுக்கும் பரப்பே இல்லை. வலை அப்படியே நின்றது. மிக இலேசான அப்பொருளைக் காற்றுக்களி எனலாம். செலவு பெரிது, எல்லாவற்றுக்கும் ஆகாது. ஆகவேதான் பெரிய கட்டிகளை விட்டுவிட்டு, பொடி, மெல்லிய பூச்சு, சிறு உருண்டை ஆகியவற்றையே இம்முறையில் மிகுதியாகச் செய்கின்றனர். கண்ணாடியின்மேல் பூசும் மென்படலத்துக்குச் செருமனியில் 1939-லேயே உரிமம் பெற்றனர்.

பொடியிலும் ஒரு தொல்லை உண்டு. கழுவிய களியை நீரோடு காயவைத்தால், மணிகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பற்றிக்கொண்டு கல்லாகிவிடும். பிறகு அச்சில் அழுத்தினால் இடைவெளி இடைவெளியாக நிற்கும். கடைசிக் கழுவலைச் சாராயத்தில் செய்தால் கட்டி மெத்தென்று உதிர்கிறது. கஞ்சி தோய்ந்த பாவு இழைகளைக் காயுமுன் பிரித்துவிடாவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று இவ்வூர் அண்ணாச்சி ஒருவர் நேற்றிரவு எனக்குச் சொன்னார். ஆய்வகத்தான் பட்டறிந்ததும் அதுவே.

அடுத்தது சூளை. மணி நுண்மையாகப் பிறந்தாலும் சுடும்போது பெரிய மணி சிறிய மணியை விழுங்கி வளர்ந்துவிடும். பத்து நானோமீட்டரில் தொடங்கி ஆயிரத்தில் வந்து நின்றால் பட்டபாடெல்லாம் வீண். இதற்கு இரண்டு அழகிய விடைகள் கண்டனர். ஒன்று, 1980-களின் நடுவில் அதே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கண்டது. அலுமினியக் கூழ்நீரில், முடிவில் வரவேண்டிய படிகவகையின் நுண்துகளை நூற்றில் ஒன்றிரண்டு பங்கு முன்னமே கலந்துவிட்டனர். பாலுக்கு உறைமோர் ஊற்றும் செயல்தான்! உறையைப் பார்த்துப் பால் தயிராவதுபோல், அவ்வித்துகளைப் பார்த்து மற்ற அணுக்கள் அணிவகுத்தன. 1600 பாகை கேட்ட பொருள் 1200 பாகையில் இறுகியது. மணியும் சிறிதாகவே நின்றது. மற்றொன்றை 2000-ஆம் ஆண்டில் சென்னும் வாங்கும் வெளியிட்டனர். முதலில் சூட்டை உயர்த்தி, பொருள் ஓரளவு இறுகியதும் சட்டெனத் தீயைத் தணித்து, அத்தணிந்த சூட்டிலேயே நெடுநேரம் வைத்தனர். இடைவெளி மூடிக்கொள்ள அச்சூடு போதும். மணி வளரப் போதாது. இட்ரிய உயிரகையை 60 நானோமீட்டர் மணியோடு முழுமையாக இறுகச் செய்தனர். பொங்கிவந்த பாலைத் தணலில் வைத்துச் சுண்டக் காய்ச்சும் கைக்கு இது புதிதன்று.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது சிர்க்கோனிய உயிரகையின் செய்தி. வெங்களி எல்லாம் கடினம், ஆனால் நொறுங்கும். கீழே போட்ட பீங்கான் கிண்ணம் உங்களுக்குத் தெரியும். சிர்க்கோனிய உயிரகையோ ஏறத்தாழ 1170 பாகைக்கு மேல் ஒரு படிக வடிவிலும் அதற்குக் கீழ் வேறொரு வடிவிலும் இருக்கும். ஆறும்போது வடிவம் மாறி, பருமன் நூற்றுக்கு நான்கு போல் வீங்கும். ஆகவே சூளையிலிருந்து எடுத்ததும் தானே வெடித்துவிடும். ஆகாப் பொருள் என்று ஒதுக்கினர். 97 சிர்க்கோனியம் அணுவுக்கு 6 இட்ரியம் அணு கலந்து, மணியையும் நுண்மையாக வைத்தால், சூட்டு வடிவம் ஆறிய பின்னும் மாறாமல் நிற்கிறது. மணி 30 நானோமீட்டருக்குக் கீழ் இருந்தால் கலப்பே இல்லாமலும் நிற்கும் என்று கார்வி என்பார் 1965-இல் காட்டினார். அவரும் தோழர்களும் ஆத்திரேலியாவில் 1975-இல் வெளியிட்டது இன்னும் வியப்பானது. வடிவம் மாறாமல் அடங்கிக் கிடக்கும் இம்மணிகளின் நடுவே ஒரு விரிசல் ஓடிவந்தால், அவ்விரிசல் முனையின் இழுப்பினால் சுற்றியுள்ள மணிகள் அப்போது வடிவம் மாறுகின்றன, வீங்குகின்றன, வீங்கி விரிசலின் வாயை நெருக்கி மூடுகின்றன. உடைக்க வந்ததே காவலை எழுப்பிவிடுகிறது. இன்று பல் மருத்துவர் வைக்கும் வெண்மையான சிர்க்கோனியப் பல் இவ்வகைப் பொருளே. ஒரு குறையும் உண்டு: வெந்நீராவியில் நெடுங்காலம் கிடந்தால் மேற்பரப்பிலிருந்து மெல்ல வடிவம் மாறித் தளரும். மணியை நுண்மையாக வைத்தால் அத்தளர்ச்சி குறைகிறது.

இத்துணையும் வெளிநாட்டாரின் செய்தியாகவே போகிறதே என்று கேட்பீர்கள். சிர்க்கோனியம் எங்கிருந்து வருகிறது? இங்கிருந்து பேருந்தில் அரைநாள் வழி. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் சிர்க்கோன் இருக்கிறது; தைத்தானியம் தரும் இல்மனைட்டு இருக்கிறது; தோரியமும் அருமண் மாழைகளும் தரும் மோனசைட்டு இருக்கிறது. இம்மணலின் சிறப்பு வெளியுலகுக்குத் தெரிந்த வகை வேடிக்கையானது. அன்று அப்பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கிருந்து செருமனிக்குக் கயிறு ஏற்றுமதியாயிற்று. கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909-இல் சோம்பெர்கு என்னும் செருமானிய வேதியலர் ஆய்ந்து, அதில் மோனசைட்டு இருப்பதைக் கண்டார். கயிறு திரித்தவர் தட்டி உதறிய மணல்! சில ஆண்டுகளுக்குள் மணல் கப்பலேறத் தொடங்கிவிட்டது.

எதற்காக ஏறியது தெரியுமா? விளக்குக்காக. ஆடித் தவசுக்குப் பெட்ரோமாக்சு விளக்குத் தூக்கிவந்தோரைப் பெரியவர்கள் கண்டிருப்பீர்கள். அவ்விளக்கின் வலைப்பை ஒரு துணிதான். வெல்சுபாக்கு என்னும் ஆத்திரிய வேதியலர் 1891-இல் கண்ட கலப்பு: நூற்றுக்கு 99 பங்கு தோரிய உயிரகை, ஒரு பங்கு சீரிய உயிரகை. துணியை அம்மாழைகளின் உப்புக்கரைசலில் தோய்த்து உலர்த்தி எரித்தால், பஞ்சு எரிந்துபோக, துணியின் நெசவு அப்படியே உயிரகையாக நிற்கும். தொட்டால் உதிரும் அந்த வெண்சாம்பல் வலை, நீர்க்கரைசல் வழியாகச் செய்த நுண்படிக வெங்களியே. தறிகாரன் நெய்த துணியே அச்சு. தோரியம் கதிர்வீசுவது என்பதால் பிற்காலத்தில் பல நாடுகளில் இட்ரியம் அதன் இடத்தைப் பிடித்தது. நாம் பல்லாண்டு விளக்கின்கீழ் இருந்தோம். அதன் மணல் நம்முடையது. வலைப்பையின் வேதியலை மட்டும் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று நிலைமை முழுவதும் அவ்வாறில்லை என்பதையும் சொல்லவேண்டும். பொருநை கடலொடு கலக்கும் பகுதியில், பழைய கொற்கைக்கு அணித்தான பழையகாயலில், நடுவணரசின் சிர்க்கோனிய ஆலை 2009-இல் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. சிர்க்கோன் மணலை எரிகாரத்தோடு உருக்கி, வெடியுப்புக் காடியில் கரைத்து, உடன்பிறந்த ஆஃபினியத்தைப் பிரித்து நீக்கி, அம்மோனியா விட்டு, நீரேறிய வெண்களியாகப் படியவைத்துப் பின் சுடுவது அம்முறையின் நடுப்பகுதி. ஆம், அங்கும் ஒரு களிநிலை உண்டு. அணுவுலைக் குழாய்க்கான மாழை செய்வதே அவ்வாலையின் நோக்கம். கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆய்வு மையத்தில் யுரேனிய உயிரகையைக் கூழ்-களி முறையிலேயே சிறு உருண்டைகளாகச் செய்யும் ஆய்வு நடந்திருக்கிறது. குளிர்ந்த கரைசலைச் சூடான எண்ணெயில் துளிதுளியாக விட்டால், விழும்போதே துளி களியாக உறைந்து உருண்டையாகிவிடும். நஞ்சான பொடியை அரைத்துப் புழுதி கிளப்ப வேண்டியதில்லை என்பதே அதன் ஏற்றம். அணுவுலை பற்றிய என் கருத்து வேறு. அதனை இன்னொரு கூட்டத்திற்கு வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரம், ஐதராபாத்து, கொல்கத்தா ஆகிய ஊர்களின் நடுவணரசு ஆய்வகங்களிலும் கூழ்-களி ஆய்வுகள் நெடுநாளாக நடக்கின்றன. சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் வெங்களித் தொழில்நுட்பம் ஒரு பட்டப்படிப்பு. தமிழ்ப்பிள்ளைகள் இவ்விடங்களிலெல்லாம் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் தம் தாயிடம் தாம் செய்யும் வேலையைத் தமிழில் சொல்ல முடிகிறதா என்பதே என் வினா.

மணல் எடுப்பதால் கடற்கரை ஊர்கள் பட்ட துன்பம் தனி. 2013-இல் தமிழ்நாட்டு அரசு தனியார் கடல்மணல் எடுப்புக்குத் தடை விதித்தது. மணலின் மதிப்பு இன்னதென்று கரையிலிருப்பவன் தன் மொழியில் அறிந்திருந்தால், கேட்கவேண்டிய வினாவை அவன் முன்னமே கேட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றும். சிர்க்கோன் என்றால் என்ன, மோனசைட்டு என்றால் என்ன என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? ஆவணமெல்லாம் ஆங்கிலத்தில்.

தமிழில் முடியுமா என்னும் வினா பழையது, விடையும் பழையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் கிறீனின் வேதியல் நூல் 1875-லேயே தமிழில் அச்சாயிற்று. அதற்கு அவர் வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. பெயர் நமக்கு ஒவ்வாது. ஆனால் நூல் வந்தது. நம் நெல்லையில் 1930-களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் அறிவியற் சொற்களைத் திரட்டி, விபுலானந்த அடிகள் போன்ற அறிஞர்களின் துணையோடு ஆய்ந்து, 1938-இல் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். அன்று ஊர்தி வசதி இல்லை; பணம் இல்லை; ஆட்சி நம்முடையதாக இல்லை. இன்று இவை எல்லாம் இருந்தும், நேற்று வந்த துறைக்குச் சொல் இல்லையே என்று கைபிசைகிறோம். சொல் பண்டத்தோடு வரும். திருநெல்வேலி அல்வாவைப் பாருங்கள்: கோதுமைப் பாலைக் காய்ச்சிய நல்ல களி அது. ஆயினும் வடக்கிலிருந்து வந்தோர் கிண்டினர். அரபுப் பெயரோடே நின்றுவிட்டது. அதை மாற்றச் சொல்லவில்லை, தின்றுவிட்டுத்தான் வந்தேன். நாமே கிண்டும் களிக்காவது நம் பெயர் இருக்கட்டும் என்கிறேன்.

மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. இக்குப்பிச் செய்கையை வீட்டில் செய்யவேண்டா. நீர்க்கண்ணாடி காரம் மிக்கது, கண்ணில் பட்டால் ஏதம். பள்ளியில் ஆசிரியர் முன்னிலையில் செய்யுங்கள். உலர்ந்த மீநுண்பொடி எதனையும் முகராதீர்கள். அத்துகள் நுரையீரலின் அடிவரை செல்லும்.

நான் சொன்ன மாணவனைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். அவன் இன்று ஐம்பதைக் கடந்தவன். இந்த அவையில்தான் இருக்கிறான். எங்கே என்று காட்டினால் எழுந்து போய்விடுவான். நேற்று மாலை இக்குப்பியை அவன் வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் கலந்தேன். காடியை நான் வேகமாக ஊற்றப்போனபோது கையைப் பிடித்து நிறுத்தி, "மெல்ல ஐயா, திரிந்துபோகும்" என்றான்.

குப்பியை முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். மூடியைத் திறக்காமல் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் பின்வரிசைக்குக் கொடுங்கள். கூழ்நீர், களி, வெங்களி, மீநுண்படிகம், காற்றுக்களி ஆகிய சொற்களை ஒரு தாளில் எழுதி வாயிலில் வைத்திருக்கிறேன். இவற்றைவிட நல்ல சொல் தோன்றுவோர் அதன்கீழ் எழுதிச் செல்லலாம். அடுத்த திங்கட்கூட்டத்தில் அவற்றை எடுத்து ஆய்வோம்.